மாம்பழம் இல்லாத மூணு பீப்பா

மொதல்லியே சொல்லிடறேன், அந்த மூணு பீப்பாயையும் கெடுத்தவ நான்தான். என் பேரு ஜெயம்மா. சித்தூர் பக்கம் புத்தலப்பட்டு தாண்டி ரோட்டோரமா மாம்பழத்துல ஒயின் செய்யற சின்ன கம்பெனி ஒண்ணு இருக்குது. அங்க கழுவற வேல, துடைக்கற வேல எல்லாத்துக்கும் நான்தான் மேஸ்திரி. ஆனா நான் சொல்ல வந்தது என் கதைய இல்ல, என் சிநேகிதி காஞ்சனா கதைய. அவளப் பத்தி ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசுதுங்க. சாராயக் கம்பெனிக்காரின்னு ஒருத்தி சொல்றா, மூக்கால பொழைக்கறவன்னு இன்னொருத்தி சிரிக்கறா. கேட்டா எனக்குப் பத்திக்கினு வருது. இன்னா நடந்துச்சின்னு தெரியாதவங்க வாய மூடிக்கினு இருந்தா புண்ணியமாப் போவும்.

காஞ்சனா பிச்சாட்டூர்க்காரி. அவ நைனா ஏரித் தண்ணிய நம்பி நெல்லு வெச்சவரு. சீனுன்னு ஒருத்தன கட்டிக்கினு புத்தலப்பட்டுக்கு வந்தா. சீனு ஆட்டோ ஓட்டறான். நல்லவன்தான், ஆனா வெய்யில் ஏறிச்சின்னா ஆட்டோவ மரத்தடியில உட்டுட்டு தூங்கிடுவான். அதனால இவளும் வேலைக்குப் போனாத்தான் அடுப்பு எரியும். சித்தூர்ல மாங்கூழ் பாக்டரியில தோல் சீவற வேலைக்குப் போனா. நானும் அங்கதான் இருந்தேன், அவளுக்கு எதிர் மேசை. சீசன் மூணு மாசம். மாங்காப் பால் பட்டு வெரல் இடுக்கெல்லாம் வெந்து போவும். சோறு பெசஞ்சி துன்ன முடியாது, ஸ்பூன்லதான் துன்னணும். சீசன் முடிஞ்சா ஒம்போது மாசம் வீட்ல குந்திக்கினு இருக்கணும். அதுதான் எங்க பொழப்பு.

ஒரு நாள் கூழ் டிரம்முங்க வரிசையா நிக்கற பக்கமா நாங்க தண்ணி குடிக்கப் போனோம். இவ சட்டுனு நின்னுட்டு, இதுல ஒரு டிரம்மு புளிக்க ஆரம்பிச்சிடுச்சின்னா. சூபர்வைசர் சிரிச்சான். லேப்ல பாஸ் பண்ணி சீல் வெச்ச டிரம்முங்க அது. இவ நேராப் போயி ஒண்ணத் தொட்டுக் காமிச்சா. மறுநாள் அந்த டிரம்மு உப்பிக்கினு நின்னுச்சி. அன்னிக்குக் கூழ் வாங்க வந்திருந்தவருதான் ஸௌரிராஜன் சாரு. திருப்பதிக்காரரு, ஐயங்கார். அவரு எல்லாத்தையும் பாத்துக்கினு இருந்தாரு. அடுத்த வருஷம் ஒயின் கம்பெனி ஆரம்பிச்சப்போ மொதல் ஆளா காஞ்சனாவ வேலைக்குக் கூப்ட்டாரு. அவ என்னயும் சேத்து இழுத்துக்கினு வந்தா. பன்னெண்டு மாசமும் வேல, நெழல்ல வேல. அவ பொண்ணு ஸ்ரீதேவி திருப்பதியில நர்சிங் படிக்கறதும் இந்த வேலையாலதான். என் ரெண்டு பொண்ணுங்க படிக்கறதும் இதாலதான். என் புருஷன் போயி ஆறு வருஷம் ஆச்சி.

ஸௌரிராஜன் சாரு ஒரு சொட்டு வாயில வெக்க மாட்டாரு. காஞ்சனாவும் குடிக்க மாட்டா. மோந்து பாப்பா, வாயில ஊத்தி சுழட்டுவா, துப்பிடுவா. குடிக்காத ரெண்டு பேரு சேந்துக்கினு ஒயின் செஞ்சா உருப்பட்டா மாதிரிதான்னு நான் நெனச்சேன். ஆனா நல்லாத்தான் போச்சி. ஏன்னா, ஒயின் எப்படியெல்லாம் கெடும்னு இவளுக்கு அத்துப்படி. பெங்களூர்லேந்து ஒருத்தரு வந்து பத்து நாள் கத்துக் குடுத்தாரு. அவரு சொன்ன இங்கிலீஷ் பேருங்க எதுவும் இவ வாயில நிக்கல. தானே பேரு வெச்சிக்கினா. காத்து உள்ள போயிருந்தா, "அறுத்து வெச்ச ஆப்பிள் கறுத்துப் போயிடுச்சி"ன்னுவா. இன்னும் கெட்டா காடி வாசன, மூக்குல சுருக்குனு குத்தும். ஈஸ்ட்டுக்கு சாப்பாடு பத்தலன்னா அழுகின முட்ட. ஒயின் கெடாம இருக்கறதுக்குப் போடற கந்தக மருந்து அதிகமாயிட்டா தீக்குச்சி கொளுத்தினா மாதிரி. மே மாச வெய்யில்ல லாரியில போயிட்டு திரும்பி வந்த பாட்டில்ல, "இது ஒயின் இல்ல, ஜாம் காய்ச்சியிருக்காங்க"ன்னா. முட்ட வாசனக்கு வைத்தியம் இருக்குது, காடி வாசனக்கு இல்ல, புளிக்கறத எப்ப நிறுத்தணும்னு எல்லாம் சொல்லுவா. என்னா கெட்டுச்சின்னு மட்டும் இல்ல, எதனால கெட்டுச்சின்னும் சொல்லிடுவா. சாரு அதத்தான் நம்பினாரு.

எல்லாத்துலயும் கேடு கெட்டது நனஞ்ச கோணி வாசன. மழையில ஊறின கோணியையோ அட்டப் பெட்டியையோ மூடி வெச்சா ஒரு வாசன வருமில்ல, அது. மரத்துல பூஞ்ச புடிச்சி, அதுமேல பிளீச்சிங் பவுடர் பட்டா அந்த வாசன பொறந்துடுமாம். ஒயின்ல ஏறிச்சின்னா எந்த வைத்தியமும் கெடையாது. கொஞ்சமா இருந்தா கோணி வாசன கூட நமக்குத் தெரியாது, பழ வாசன மட்டும் காணாமப் போயிடும். அதனாலதான் பீப்பா ரூம்ல பிளீச்சிங் பவுடரே கூடாதுன்னு சட்டம். தெலுங்குலயும் தமிழ்லயும் எழுதி செவுத்துல ஒட்டியிருக்கும். போன வருஷம் திலீப்னு ஒருத்தன் அந்த ரூம் தரையில பிளீச்சிங் போட்டான்னு சாரு அவன வேலைய உட்டே அனுப்பிட்டாரு. அது எங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

தெரிஞ்சுமா செஞ்சன்னு கேப்பீங்க. வைகாசியில கங்கம்மா ஜாத்ர வந்துச்சி. எங்க பக்கத்துல ஜாத்ரைக்கு முன்னாடி வீடு, வாசல், வேல செய்யற எடம் எல்லாத்தையும் கழுவி, மஞ்சத் தண்ணி தெளிச்சி, வேப்பில கட்டுவோம். அழுக்கான எடத்துக்குள்ள அம்மன் கால் வெக்க மாட்டான்னு நம்பிக்க. கழுவறதுன்னா எனக்கு பிளீச்சிங் போட்டுக் கழுவறதுதான். வெறுந்தண்ணியில கழுவின எடம் என் மனசுக்கு சுத்தமே ஆவாது. அது என் புத்தி, யாரால மாத்த முடியும்? பீப்பா ரூம்ல மூணு பீப்பா காலியா இருந்துச்சி. உள்ள எட்டிப் பாத்தேன், பூஞ்ச நூலு நூலா தொங்குது. அத வெச்சிக்கினு வாசல்ல வேப்பில கட்டறதான்னு எனக்கு உடம்பெல்லாம் கூசிச்சி. வீட்லேந்து பிளீச்சிங் எடுத்துக்கினு வந்து, கரைச்சி, மூணையும் ஒரு புடி புடிச்சேன். அப்புறம் பத்து தரம் நல்ல தண்ணி ஊத்திக் கழுவினேன். பளிச்சினு ஆயிடுச்சி. அந்தக் கூத்த நெனச்சா இப்பவும் என் கன்னத்துல நானே அறஞ்சிக்கலாம் போல இருக்குது.

காஞ்சனா அப்ப லீவு போட்டுட்டு பிச்சாட்டூருக்குப் போயிருந்தா. அவ திரும்பி வர்றதுக்குள்ள அந்த மூணுலயும் புது ஒயின ரொப்பிட்டாங்க. வந்த அன்னிக்கு சாப்பாட்டு வேளையில என் பக்கத்துல குந்தினவ, என் கையப் புடிச்சி, "பிளீச்சிங் தொட்டியாடி?"ன்னு கேட்டா. வீட்ல பாத்ரூம் கழுவினேன்னு சொன்னேன். அவ மூஞ்சியப் பாத்தே பொய் சொன்னேன். சரின்னுட்டு சோத்தத் துன்ன ஆரம்பிச்சா. நம்பிட்டான்னு நான் நெனச்சிக்கினேன்.

ஆடி மாசம் மொத வாரம் மூணு பீப்பாயையும் தொறந்து சாம்பிள் எடுத்தாங்க. சென்னையில ஒரு ஓட்டல்காரங்க அத மொத்தமா எடுத்துக்கறதா பேச்சி, வெள்ளிக்கெழம ஆளு வர்றாங்க. காஞ்சனா ஒண்ணொண்ணா மோந்து பாத்துட்டு, இதுல மாம்பழமே இல்லன்னா. கீழ ஊத்திடுங்க சார், வெளிய அனுப்பாதீங்கன்னா. எதனாலன்னு சாரு கேட்டாரு. தெரியலன்னுட்டா. அவ வாயிலேந்து "தெரியல"ங்கற வார்த்த வந்து நான் கேட்டதே இல்ல. லேப்ல இருக்கற பிரபாகர், சித்தூர்ப் பையன், தெலுங்குல படபடன்னு பேசுவான், பேப்பரக் கொண்டாந்து காட்டினான். புளிப்பு சரியா இருக்குது, மருந்து சரியா இருக்குது, கலர் சரியா இருக்குது, அப்புறம் இன்னா கெடுதல்னான். கோணி வாசனயக் கண்டுபுடிக்கற மெஷின் எங்ககிட்ட கெடையாது. அதுக்குத்தான் காஞ்சனா.

அப்பதான் சாருக்கு அந்த சந்தேகம் வந்துச்சி. கொரோனா வந்தப்போ இவளுக்கு ஆறு வாரம் மூக்கே வேல செய்யல. சாம்பிராணி போட்டாக்கூடத் தெரியல. அப்ப அழுதுக்கினே வந்து சாருகிட்ட அவளேதான் சொன்னா. அவரும் பொறுத்துக்கினாரு. இப்ப மறுபடியும் மூக்கு போயிடுச்சோன்னு அவரு நெனச்சாரு. பேப்பர்ல சரியா இருக்கற ஒயின கெட்டதுன்னு சொல்றா, காரணம் கேட்டா தெரியலங்கறா. மூணு பீப்பா ஒயின கீழ ஊத்தறதுன்னா சும்மாவா? வியாழக்கெழம காலையில ஒரு பரீட்ச வெக்கலாம்னு பிரபாகர் சொன்னான், சாரும் ஒத்துக்கினாரு. பாஸானா ஒயின கீழ ஊத்திடறது. இல்லன்னா காஞ்சனாவுக்கு இந்த வேல இல்ல. அத அவரு அவளக் கூப்ட்டு நேராவே சொல்லிட்டாரு. அன்னிக்கு சாயங்காலம் பஸ்சுக்கு நிக்கறப்போ, "திரும்பத் தோல் சீவத்தான் போவணும் போல"ன்னு சொல்லி வெரலப் பாத்துக்கினா. அப்பவாவது சொல்லியிருக்கணும். சொல்லல. பெரிய பொண்ண அந்த மாசந்தான் காலேஜ்ல சேத்திருந்தேன்.

பரீட்ச இப்படி. ஒரு தரத்துக்கு மூணு கிளாஸ். ரெண்டுல ஒரே ஒயின், ஒண்ணுல வேற. நல்ல பீப்பாயிலேந்தும், அந்தக் கெட்ட பீப்பாயிலேந்தும் பிரபாகர் தடுப்புக்குப் பின்னாடி ஊத்தி நம்பர் ஒட்டிக் குடுப்பான். எது வேறன்னு அவ தொட்டுக் காட்டணும். ஆறு தரம். நாலஞ்சி சரியா வந்தா குருட்டாம்போக்குன்னு சொல்லலாம், அதனால ஆறும் சரியா இருக்கணும்னு பிரபாகர் புடிவாதமா நின்னான். கிளாஸக் கழுவித் துடைச்சிக் குடுக்கறது என் வேல. அதனால நான் அவளுக்கு எதிர்லயே நின்னுக்கினு இருந்தேன். காலையிலேந்து அவ பச்சத் தண்ணி தவிர எதுவும் தொடல. ஃபேன நிறுத்திட்டாங்க. எனக்கு வேத்து ஊத்துது.

அவ மோந்து பாக்கறத நான் பத்து வருஷமாப் பாக்கறவ. நல்ல ஒயின்னா மூச்ச முழுசா இழுப்பா. கெட்டதுன்னா பாதி மூச்சிலயே நின்னுடுவா, முள்ள மிதிச்சா மாதிரி. கிளாஸையும் கொஞ்சம் தள்ளி வெச்சிடுவா. மொத தரம் மூணாவது கிளாஸ்ல நின்னா, அதையே காட்டினா. பிரபாகர் பேப்பரப் பாத்துட்டு சரின்னான். ரெண்டாவது சரி. மூணாவது சரி. நாலாவதுல பிரபாகர் ரெண்டு கெட்டது ஒரு நல்லதுன்னு மாத்தி வெச்சிருந்தான், அதையும் சரியா சொன்னா. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம் தாங்கல, ஒரு பக்கம் பயம். இவ ஜெயிச்சா நான் மாட்டுவேன். அந்த நேரத்துல அது புத்தியில ஓடிச்சின்னு சொல்ல வெக்கமா இருக்குது, ஆனா ஓடிச்சி.

சாரு நாற்காலியிலேந்து எழுந்துட்டாரு. மூஞ்சி செவந்து போச்சி. "அப்ப மூக்குல ஒண்ணும் கோளாறு இல்ல. எவனோ என் பீப்பாயக் கெடுத்திருக்கான். இந்த ரெண்டும் சரியா வரட்டும், இன்னிக்கே அவனக் கண்டுபுடிச்சி திலீப் போன வழியிலயே அனுப்பறேன்"னாரு.

காஞ்சனா தலையத் தூக்கி என்னப் பாத்தா. ஒரு நொடி கூட இருக்காது. அப்புறம் குனிஞ்சிக்கினா.

அஞ்சாவது தரம். மொத கிளாஸ், முழு மூச்சி. நடு கிளாஸ், பாதியில நின்னா. கையால தள்ளி வெச்சா, நான் கண்ணால பாத்தேன். மூணாவது, முழு மூச்சி. எல்லாம் முடிச்சிட்டு மொத கிளாஸத் தொட்டு, இதுதான்னா. பிரபாகர் தப்புன்னான். ஆறாவதுலயும் அதே கூத்து. கடைசி கிளாஸ்ல முள்ள மிதிச்சவ நடு கிளாஸக் காட்டினா. தப்பு.

சாரு நெத்தியப் புடிச்சிக்கினு குந்திட்டாரு. அவருக்கும் மனசு கேக்கல, அது தெரிஞ்சிது. நாலு எப்படிம்மா சரியா வந்துச்சின்னு கேட்டாரு. ஏதோ குருட்டாம்போக்குல வந்துடுச்சி சார், எனக்கு மூக்கு சரியில்லதான்னு அவ வாயாலயே சொன்னா. வேடிக்க பாக்க நின்ன இருபது ஆள் நடுவுல, மூக்கு ஒண்ணத் தவிர வேற எந்தப் பெருமையும் இல்லாதவ, அந்த மூக்கு செத்துப் போச்சின்னு சொல்லிக்கினு நிக்கறா. ஸ்ரீதேவிக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி. சாரு பிரபாகரக் கூப்ட்டு, நாளைக்கு ஓட்டல்காரங்களுக்கு அந்த மூணு பீப்பாயையே தொறந்து காட்டிடுன்னாரு. காஞ்சனாவப் பாத்து, நாளையிலேந்து வர வேணாம்மான்னு மெதுவா சொன்னாரு.

என் கையில இருந்த கிளாஸக் கீழ வெச்சேன். வெச்சனா போட்டனான்னு தெரியல, ஒடஞ்சி போச்சி.

"சார், பிளீச்சிங் போட்டது நான். ஜாத்ரைக்காகப் போட்டேன். அவ மூக்குக்கு ஒண்ணும் இல்ல, கடைசி ரெண்டையும் வேணும்னே தப்பா சொன்னா, என்னக் காப்பாத்தறதுக்காக."

காஞ்சனா கண்ண மூடிக்கினா. சாரு அவகிட்டப் போயி, இது நெஜமான்னு கேட்டாரு. அவ தலையாட்டினா. எப்பலேந்து தெரியும்னு கேட்டாரு. ஜாத்ர முடிஞ்சி வந்த அன்னிக்கே தெரியும் சார், அவ கையில அந்த வாசன இருந்துச்சின்னா. ரெண்டு மாசமா என் பொய்ய வயித்துல கட்டிக்கினு என்கூடவே குந்தி சோறு துன்னிருக்கா.

இனிமே எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன். என்ன அனுப்புவாரு, அவள வெச்சிக்குவாரு, அவ்வளவுதான்னு புடவயெல்லாம் ஒதறி சரி பண்ணிக்கினு கெளம்பத் தயாரா நின்னேன். சாரு காஞ்சனா பக்கம் திரும்பினாரு. அப்புறம் சொன்னாரு.

"திலீப்ப நான் பிளீச்சிங்குக்காக அனுப்பல. மூணு தரம் கேட்டேன், மூணு தரமும் இல்லன்னான், அதுக்காக அனுப்பினேன். ஜெயம்மா லேட்டா சொன்னாலும் சொல்லிட்டா, அவ இருக்கட்டும். ஆனா காஞ்சனா, நான் குடிக்கறவன் இல்ல. நீ நல்லாருக்குன்னா நல்லாருக்கு, இல்லன்னா இல்ல, அத வெச்சித்தான் என் பேரப் போட்டு விக்கறேன். உன் மூக்கு செத்துப் போயிருந்தாக்கூட உனக்கு வேற வேல குடுத்திருப்பேன். தெரிஞ்சே பொய் சொல்லிட்ட. இனிமே நீ எதச் சொன்னாலும் எனக்கு சந்தேகம் வரும்."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நியாயமா இது, கெடுத்தவளுக்கு வேல, காப்பாத்தினவளுக்கு வெளிய வழியான்னு கேட்டேன். நாக்கப் புடுங்கிக்கறா மாதிரி நாலு வார்த்த வந்துச்சி, அதையும் சொன்னேன். நானும் போறேன்னு சொல்ல வாயத் தொறந்தப்போ காஞ்சனா வந்து என் கையப் புடிச்சா.

"சும்மா இருடி. அவரு சொல்றது சரிதான். நீயும் வெளிய வந்துட்டா, நான் எதுக்கு அந்த ரெண்டு கிளாஸையும் மாத்திச் சொன்னேன்?"

அன்னிக்கு மத்தியானம் மூணு பீப்பாயையும் உருட்டிக்கினு போயி பின்னாடி கால்வாயில ஊத்தினாங்க. காஞ்சனா கெளம்பாம அது முடியற வரைக்கும் நின்னு பாத்தா. நல்லவேள, இது வெளிய போவலன்னு என்கிட்டயே சொன்னா. அவ அழல. நான்தான் மூக்க சிந்திக்கினு நின்னேன்.

மறு வாரம் சாரு என்னக் கூப்ட்டு, பீப்பா ரூம் சாவிய என் கையில குடுத்தாரு. உண்ம பேசறவகிட்ட இருக்கட்டும்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. வேணாம்னு தூக்கி எறிஞ்சிருக்கணும். பொண்ணுங்க ரெண்டையும் நெனச்சி வாங்கி இடுப்புல சொருகிக்கினேன். காஞ்சனா இந்த சீசன்ல சித்தூருக்கே போயி மறுபடியும் தோல் சீவினா. ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வர்றா, ஸ்பூன்ல சோறு துன்றா, என் பொண்ணுங்க படிப்பப் பத்திக் கேக்கறா, சிரிக்கறா, போறா. பாழாப் போனவளே, உன்னால என் பொழப்பு போச்சேன்னு ஒரே ஒரு தரம் திட்டினான்னா நான் நிம்மதியா இருப்பேன். அவ திட்ட மாட்டேங்கறா.